எழுதிக் கொடுக்காத வீடு

ஜூன் 4

அன்புள்ள அத்தைக்கு,

சுண்டு எழுதுகிறேன். அங்கே சுகமா, இங்கே சுகம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்த முறை அந்த வரியை விட்டுவிடுகிறேன். தாத்தா படுத்துவிட்டார்.

குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எல்லாப் படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, விழுந்ததில் ஒன்றுமில்லை, ஈரலில் இருக்கிற கட்டிதான் விஷயம் என்றார்கள். அறுத்து எடுக்கிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டதாம். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. வலி தெரியாம பாத்துக்குங்க" என்று டாக்டரம்மா என் தோளைத் தொட்டுச் சொன்னார். தோளைத் தொட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முன்னறையில் கட்டிலைப் போட்டிருக்கிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன். அந்த உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து எல்லோரையும் கீழே பார்த்தே பழகியவர், இப்போது படுத்துக்கொண்டு எங்களை அண்ணாந்து பார்க்கிறார். வலியைவிட அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். பெரியப்பா எதைச் சொன்னாலும் பல்லைக் கடிக்கிறார், நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பெரியப்பா நேற்று வந்தபோது கூட ஒரு ஆளும் வந்தார். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கொத்தனாராக்கும், கூரை ஒழுகுவதைச் சரிசெய்யத்தான் கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் பின்னறையின் ஈரச் சுவரைக் காட்டினேன். அந்த ஆள் உதட்டைப் பிதுக்கி, "இது விலையைக் குறைக்குமே" என்றார். புரோக்கர்! "சும்மா ஒரு மதிப்பு தெரிஞ்சு வெச்சுக்கலாம்னுதான்" என்று பெரியப்பா வழிந்தார். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தார். குறட்டை வராததிலேயே எனக்குத் தெரியும், தூங்கவில்லை.

என் அப்பா இருந்திருந்தால் பெரியப்பாவிடம் பேசியிருப்பார். அப்பாவையும் அம்மாவையும் அந்த விபத்து ஒன்றாகக் கொண்டுபோன நாளிலிருந்து எனக்குத் தாத்தாதான் எல்லாம். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கக்கூட எனக்குத் தெரியவில்லை, அத்தை. கத்துகிறார். நீங்கள் இதையே வேலையாகச் செய்கிறவர். எப்படி என்று எழுதுங்கள்.

எப்போதும் போல நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக்கடை விலாசத்துக்கே எழுதுங்கள். உங்கள் கையெழுத்தை இந்த வீட்டு வாசலில் தபால்காரர் நீட்டினால் தாத்தா முகம் ஒரு மாதிரி ஆகும், பெரியப்பா முகம் வேறு மாதிரி ஆகும்.

அன்புடன்,
சுண்டு


ஜூன் 15

என் சுண்டுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். நான் பார்த்துக்கொள்கிற கிழவர், என் பல் டாக்டர், அறையிலிருந்து சத்தம் போட்டார். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கிய மனுஷன், இப்போது தன் வாயில் ஒன்றும் இல்லை. ஆனால் மூக்கு மட்டும் வேலை செய்கிறது.

புரட்டாதே. உருட்டு. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் முதுகுக்கு அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு வை. அந்தப் பக்கத்து முழங்காலை மடக்கு. ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில், துணியோடு சேர்த்து உன் பக்கம் இழு. முதுகுக்குப் பின்னால் தலையணையை அணைத்து வை. தொடுவதற்கு முன் வாயைத் திறந்து சொல். "தாத்தா, இந்தப் பக்கம் திருப்பறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடு. சொல்லாமல் தொட்டால் சாமானைத் தூக்குகிற மாதிரி ஆகிவிடும், அதில்தான் பாதிக் கத்தல். சாப்பிடச் சொல்லிக் கெஞ்சாதே. உதட்டை மட்டும் காயவிடாதே. ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டே இரு.

நான் வர முடியவில்லை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. பல் டாக்டரை விட்டுவிட்டு நகர முடியாது. வேறு யார் ஊட்டினாலும் துப்பிவிடுகிறார். அடுத்தவர் அப்பாவுக்கு ஊட்டிவிடச் சம்பளம் வாங்குகிறேன், என் அப்பாவுக்குத் தபாலில் வைத்தியம் அனுப்புகிறேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான். சிரிப்பு வரவில்லை.

அண்ணன் எனக்கு ஒரு பத்திரம் அனுப்பியிருக்கிறான். வீட்டில் எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். "வெளிநாட்டில் இருக்கிறாய், உனக்கென்ன குறை" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு. தங்கச்சி எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. சமையலறை அலமாரியில் தட்டுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தட்டு எடுக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறது.

அப்பா என்ன சொல்கிறார்? என்னைப் பற்றி இல்லை. வீட்டைப் பற்றித்தான் கேட்கிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தை


ஜூன் 28

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சொன்னபடி உருட்டினேன். கத்தவில்லை. "யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி நர்ஸ் என்றேன். "கெட்டிக்காரி" என்றார். உங்களைத்தான் சொன்னார், தெரியாமல்.

கடையில் முதலாளி எனக்கு அரை நாள் வேலையாக மாற்றிக் கொடுத்துவிட்டார். காலையில் எதிர்வீட்டு டீச்சர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நான் போய் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் மாட்டிவிட்டு மதியத்துக்குள் ஓடி வருகிறேன். கையில் தேய்த்த தூள் ஒட்டியிருந்தால் தாத்தாவுக்கு ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வா என்று விரட்டுகிறார். விரட்டுகிற வரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். போன வாரம் அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "வீடு உனக்குத்தான்டி. கவலைப்படாத" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அத்தை. ஆனால் கேட்டதும் நெஞ்சுக்குள் என்னவோ குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் பெரியப்பா வந்தார். நான் சமையலறையில் இருந்தேன். தாத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மூத்தவன் நீ. உனக்கில்லாம வேற யாருக்குடா வீடு?" என்கிறார்!

பெரியப்பா போனதும் நேராகப் போய்க் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டை எப்படித் தாத்தா குடுப்பீங்க?"

கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "எழுதிக் குடுத்துட்டா எவன் வருவான்?"

"நான் இருக்கேனே."

"நீ இருக்கிறவ. நான் வர்றவங்களைச் சொல்றேன்."

எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. என்னையும் அல்லவா ஒரு ஏமாற்று வார்த்தையில் கட்டிப்போடப் பார்த்தார்! ஆனால் பெரியப்பா இப்போதெல்லாம் வாரத்துக்கு நாலு நாள் வருகிறார். தாத்தாவுக்கு முகம் மழிக்கிறார். தாடைக்கடியில் தோல் தொங்குகிற இடத்தை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தன் வாயையும் அதேபோல் கோணிக்கொண்டு, அவ்வளவு பதமாக மழிக்கிறார். தாத்தா கண்ணை மூடி முகத்தைச் சுகமாகக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறார். அந்தக் கையில் ஆசை எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பெரியப்பாவுக்கே தெரியுமோ என்னவோ.

தாத்தா உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானாகக் கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்புடன்,
சுண்டு


ஜூலை 9

என் சுண்டுக்கு,

அப்பா சொன்னதில் தப்பில்லை. என் பல் டாக்டர் போன வருஷம் வீடு, தோட்டம் எல்லாவற்றையும் மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்னால் ஞாயிறு தவறாமல் பேரப்பிள்ளைகளோடு கார் வந்து நிற்கும். இப்போது நானும் அவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்கு வருகிற காரை எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆக உன் தாத்தா விவரமானவர்தான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் கடிதத்தைப் படித்து நான் அழுதது அவர் சாகப்போகிறார் என்று இல்லை. உனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறார். நீங்கள் வர வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் சொன்ன பொய். எனக்கு அந்தப் பொய்கூட இல்லை. நான் வர வேண்டும் என்று அவருக்கு இல்லை.

நீ அப்போது சின்னப் பெண். உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். என் புருஷனாக இருந்த அந்த ஆளோடு இனி வாழ முடியாது என்று நான் ஒற்றைப் பையோடு வந்தேன். அப்பா வாசல் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "போனவ போனவளாவே இரு. இங்க உனக்கு இடமில்லை" என்றார். அடிக்கவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களே என்று நான்தான் மெதுவாகப் பேசினேன். உள்ளே உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எழுந்து வந்தான். தட்டை வைத்துவிட்டு என்னோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

அந்த வீடு என்ன விலை போகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அண்ணனின் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தால், அன்று அப்பா சொன்னது சரி என்று நானே எழுதிக் கொடுப்பது போல இருக்கிறது. அதனால்தான் போடவில்லை.

நீ அவரிடம் எதுவும் கேட்காதே. கேட்டு வாங்குகிற வார்த்தை எனக்கு வேண்டாம்.

உன் அத்தை


ஜூலை 20

அன்புள்ள அத்தைக்கு,

தாத்தா ரொம்பவும் தளர்ந்துவிட்டார். மஞ்சள் கண்ணுக்குள்ளும் வந்துவிட்டது. "தண்ணி" என்று சொல்லவே நடுவில் ஒரு மூச்சு வாங்குகிறார். பெரும்பாலும் மயக்கம்தான்.

நடந்ததை எழுதுகிறேன். புதன்கிழமை மதியம் நான் கடையிலிருந்து வந்தபோது வாசலில் பத்திரம் எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே போனால் பெரியப்பா கட்டிலோரத்தில். மடியில் ஒரு அட்டை, அதன்மேல் காகிதம், கையில் மைப்பெட்டி. தாத்தாவின் கட்டைவிரலில் ஏற்கெனவே மை தடவியாகிவிட்டது. டீச்சரை ஏதோ வாங்கி வரக் கடைக்கு அனுப்பிவிட்டிருக்கிறார்.

"பெரியப்பா!" என்று நான் கத்திய கத்தலில் வெளியே இருந்தவர் எழுந்துவிட்டார். பெரியப்பா திரும்பவில்லை. "நீ பேசாம இரு. உன்னை நான் தெருவுல விட்டுட மாட்டேன்" என்றார். தாத்தாவின் கையைத் தூக்கிக் காகிதத்துக்குக் கொண்டுபோனார்.

அப்போது தாத்தா கண்ணைத் திறந்தார். பெரியப்பாவைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. பெரியப்பாவின் ஆள்காட்டி விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், நடை பழகுகிற பிள்ளை பிடிக்கிற மாதிரி. "வந்துட்டியா... கால்... வலிக்குது" என்றார்.

பெரியப்பா அட்டையைக் கீழே வைத்தார். கட்டிலின் அந்தக் கோடிக்குப் போய், தாத்தாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. நான் போய்ப் பத்திரக்காரரை அனுப்பிவிட்டு வந்தேன். மை இரண்டு பேர் கையிலும் இருந்தது. சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து, முதலில் தாத்தா கையை, அப்புறம் பெரியப்பா கையை நானே கழுவினேன். அவரும் கையை நீட்டிக் கொடுத்தார்.

இன்னொரு விஷயம், அத்தை. நேற்றுக் காலை தாத்தா கொஞ்சம் தெளிவாக இருந்தார். அவராகவே உங்களைப் பற்றிப் பேசினார். "என் மகளை வாசல்ல நிறுத்தினது நான் பண்ணின பெரிய தப்பு. அவ எப்ப வந்தாலும் இது அவ வீடுதான். அவளுக்கும் பங்கு உண்டுன்னு எழுதிப் போடு" என்றார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

அன்புடன்,
சுண்டு


ஜூலை 29

என் சுண்டுக்கு,

நீ எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். ரொம்ப அழகாக எழுதியிருக்கிறாய். தண்ணீர் கேட்கவே நடுவில் மூச்சு வாங்குகிறவர், இவ்வளவு நீளமாக, ஒரு இடத்திலும் நிற்காமல் பேசியிருக்கிறார். அதுவும் தப்பு என்ற வார்த்தையை. அந்த வார்த்தையை அடுத்தவரைச் சொல்லத்தான் அவர் வைத்திருந்தார்.

எனக்குக் கோபமில்லை, கண்ணு. கொஞ்ச நேரம் நம்பினேன். பல் டாக்டருக்கு ஊட்டும்போது எனக்குள் பாட்டுக்கூட வந்தது. அப்புறம்தான் யோசித்தேன். பகலெல்லாம் பீத்துணி அலசிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து, அத்தைக்கு ஒரு நல்ல பொய்யை யோசித்து எழுதியிருக்கிறாயே! என் வீட்டில் எனக்காக ஒருத்தி இப்படிச் செய்கிறாள் என்பதே எனக்குப் பெரிது. ஆனால் இனி வேண்டாம். என்னிடம் நடந்ததை மட்டும் எழுது.

ஒன்று செய். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நான் கூப்பிடுகிறேன். போனை அவர் காதில் வை. பதில் எதிர்பார்க்கவில்லை. கண் போய், பேச்சு போய், எல்லாம் போன பிறகும் காது கொஞ்சம் கேட்டுக்கொண்டிருக்கும் என்று இந்த வேலையில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நிஜமா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து யாரும் சொன்னதில்லை. இருந்தாலும் நான் பேச வேண்டும்.

உன் அத்தை


ஆகஸ்ட் 14

அன்புள்ள அத்தைக்கு,

தாத்தா போய்விட்டதை நான் போனில் அழுதுகொண்டே சொன்னதில் உங்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

ஆமாம். அந்த வார்த்தைகளை நான்தான் எழுதினேன். இப்போது எழுதுவதில் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை.

நீங்கள் கூப்பிட்டபோது நான் தாத்தாவுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பெரியப்பா பக்கத்தில் இருந்தார். போன் அடித்ததும் எடுத்துப் பார்த்து, "யாரு, அவளா?" என்றார். துண்டித்துவிடுவாரோ என்ற பயத்தில் நானே கையை நீட்டினேன். ஈரக்கையோடு வாங்கித் தாத்தாவின் இடது காதில் வைக்கப் போனேன். "அந்தக் காது மந்தம். கிரேன் சத்தத்துல போனது. இந்தப் பக்கம் வை" என்று என்னிடமிருந்து வாங்கி, அந்தப் பக்கம் சுற்றிப் போய், வலது காதில் அவரே வைத்துப் பிடித்துக்கொண்டார். நீங்கள் பேசி முடிக்கிற வரைக்கும் அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார். கை வலித்திருக்கும். மாற்றவில்லை. உங்கள் குரல் கசிந்துகொண்டே இருந்தது. அது நான் கேட்க வேண்டிய பேச்சு இல்லை என்று பின்கட்டு வாசலுக்குப் போய் நின்று, அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது தாத்தா முன்பு கிடந்த மாதிரியே கிடந்தார். கண் திறக்கவில்லை. விரல் அசையவில்லை. கண்ணீர் வந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். வரவில்லை. மூச்சு மட்டும் முன்பு போலவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து, காலையில் நான் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். துணியை எடுத்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் இரண்டு பேரையும் டீச்சர்தான் பிடித்து உட்காரவைத்தார். பெரியப்பா சின்னப் பையன் மாதிரி அழுதார்.

எல்லாம் முடிந்தது. முன்னறை பெரிசாகத் தெரிகிறது. இனி வீட்டுப் பேச்சுத்தான். தாத்தா யாருக்கும் எழுதி வைக்கவில்லை. அதனால் பெரியப்பாவுக்கும் உங்களுக்கும் அப்பா பங்குக்கு எனக்கும் என்று மூன்றாக வருமாம். நேற்று வந்த பெரியம்மா உங்களைப் பற்றி, "அவளுக்கு இந்த வீடு என்னத்துக்கு? நல்ல மனசுக்காரி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவா" என்றார். பெரியப்பா எழுந்து வெளியே போய்விட்டார். ஏனென்று தெரியவில்லை. விற்றுவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். கடைக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு அறை இருக்கிறதா என்று முதலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் விட்டுக்கொடுத்துவிடுவீர்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன், அத்தை. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. உங்களுக்கு எது சரியோ செய்யுங்கள்.

அன்புடன்,
சுண்டு


ஆகஸ்ட் 26

என் சுண்டுக்கு,

விடிந்ததிலிருந்து இங்கே மழை. பல் டாக்டரைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிறேன்.

அன்று என்ன பேசினேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததற்காகவே சொல்கிறேன். முதலில் திட்டினேன். இத்தனை வருஷமாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த திட்டு. ஊர்க் கண்ணுக்குப் பயந்து அன்று வாசலில் மெதுவாகப் பேசினேனே, அதையெல்லாம் சேர்த்து வாய்விட்டுத் திட்டினேன். இவ்வளவு நாள் சேர்த்தது கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துவிட்டது. அதுதான் எனக்கு ஆச்சரியம். அப்புறம் என்ன பேசுவதென்று தெரியாமல் இந்த ஊர்க் குளிரைப் பற்றி, என் முட்டிவலியைப் பற்றி, பல் டாக்டர் துப்புவதைப் பற்றியெல்லாம் பேசினேன். ஒரு மகள் அப்பாவிடம் சும்மா பேசுகிற பேச்சு. கடைசியில், "எனக்கு அந்த வீட்டுல பங்கு வேணும்ப்பா. நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்க இல்லைன்னு சொன்னாலும் அது என் வீடு" என்று சொன்னேன்.

போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நீ என்று நினைத்தேன். அண்ணன் என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. ஆக எல்லாவற்றையும் அவன் கேட்டிருக்கிறான். பங்கு கேட்டதையும் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டும் கையை எடுக்கவில்லை. அண்ணி பேசும்போது ஏன் எழுந்து போனான் என்று இப்போது உனக்கும் தெரியும்.

இதை வைத்து அவன் திருந்திவிட்டான் என்று நான் முடிவுகட்டவில்லை. நாளைக்கே புரோக்கரோடு வந்து நிற்பான். வரட்டும். அப்பா உயிரோடு இருக்கும்போதே அவருக்கு ஒரு பதில் சொல்ல எனக்கு இடம் கிடைத்தது, அதை அவன்தான் பிடித்துக் கொடுத்தான். அதை மறக்க மாட்டேன். அதற்காகப் பங்கை விடவும் மாட்டேன். நல்ல மனசுக்காரி என்று பெயர் வாங்கி நான் என்ன செய்வது? பத்திரத்தைக் கையெழுத்துப் போடாமல் அவன் விலாசத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். ஓரத்தில், "அண்ணா, உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவுக்கு மழித்துவிட்டாயாம், சுண்டு எழுதினாள்" என்று எழுதினேன்.

நீ அறை தேடுவதை நிறுத்து. உன் பங்கும் என் பங்கும் சேர்ந்தால் அவனால் நம்மைக் கேட்காமல் விற்க முடியாது. அவனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வந்து உட்காரட்டும், தங்கட்டும், சண்டை போடட்டும். வீடு என்றால் அதுவும்தான்.

இங்கே சொல்லிவிட்டேன். எனக்குப் பதிலாக வருகிற பெண் பல் டாக்டருக்கு ஊட்டப் பழகியதும் கிளம்பிவிடுவேன். அவரிடம் சொன்னேன். புரிந்ததோ என்னவோ, அன்று மட்டும் துப்பாமல் சாப்பிட்டார்.

எந்த நாள் வருகிறேன் என்று இப்போது சொல்ல முடியாது. கூட்டிப்போக யாரும் வர வேண்டாம். நீ வேலையை விட்டு வாசலில் காத்து நிற்காதே. எனக்கென்று ஒரு சாவி மட்டும் செய்து, கடையில் உன் முதலாளியிடம் கொடுத்து வை. வழியில் வாங்கிக்கொள்கிறேன். கதவை நானே திறந்துகொள்வேன்.

உன் அத்தை